சுவர்மேல் எட்டு விரல்கள்

"இது என் ஹால். இங்க வர்ற பொண்ணு ஜிம்னாஸ்டிக்ஸைத் தவிர வேற எதையும் தொடக் கூடாது."

வெள்ளைப் பவுடர் அப்பிய கையை உதறியபடி சொன்னார் முனிகிருஷ்ணன் மாஸ்டர்.

வீணாவுக்குச் சுர்ரென்று ஏறியது. எம்.ஏ. சைக்காலஜி படிக்கிறவள். வாதம் என்றால் சோறு வேண்டாம் அவளுக்கு.

"சார், என் தங்கச்சிக்குப் பத்து வயசு. தினமும் அதே குதி, அதே பல்டி. குதிகால் வலின்னு அழறா. ரக்ஷிதா சிரிச்சு ஆறு மாசம் ஆச்சு. வேற விளையாட்டும் ஆடினாத்தான் உடம்பும் மனசும் தேறும்னு புஸ்தகத்துல எல்லாம் போட்டிருக்கு."

"புஸ்தகம் வந்து பார்ல தொங்குமாம்மா? முக்கியமா ஒண்ணு கேட்டுக்க. பின்னாடி கிரவுண்டுல யசோதா மிஸ் செவ்வாய், வெள்ளி அஞ்சு மணிக்கு கோ-கோ நடத்துது. யார் வந்தாலும் சேத்துக்கும். அந்தப் பக்கம் இவ கால் வெச்சான்னா, ஸ்டேட் மீட்ல இவ பேரு இருக்காது."

செவ்வாயும் வெள்ளியும் ஹாலுக்கு விடுமுறை. அந்த வெள்ளிக்கிழமையே தங்கையைக் கிரவுண்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள் வீணா.

ரக்ஷிதா ஓடினாள், விழுந்தாள், மண்ணும் கையுமாக எழுந்து சிரித்தாள்.

"மாஸ்டருக்குத் தெரிஞ்சா, அக்கா?"

"யார் சொல்லப் போறா? ஹால் பூட்டிக் கிடக்கு."

சொல்லும்போதே அதைப் பார்த்துவிட்டாள். கிரவுண்டுக்கும் ஹாலுக்கும் நடுவே கைக்கு எட்டாத சுவர். அதன் உச்சியில் எட்டு வெள்ளை விரல் தடங்கள். அந்தப் பக்கமிருந்து யாரோ தொற்றிக்கொண்டு எட்டிப் பார்த்த மாதிரி.

"அது பழைய அக்கா ஒருத்தங்களோட கை, அக்கா," என்றாள் ஒரு வாண்டு. "ஹால்ல ஆடிட்டிருந்தாங்களாம். கால் ஒடிஞ்சு, அப்புறம் வரவேயில்லையாம். யாராவது சிரிச்சா எட்டிப் பாக்கும்."

"சும்மா இரு!"

குச்சியில் துணி சுற்றித் துடைத்தாள் வீணா. செவ்வாயன்று மறுபடி எட்டு விரல். அடுத்த வெள்ளி, இரண்டு அங்குலம் இந்தப் பக்கமாக இறங்கியிருந்தன. பூட்டின ஹாலுக்குள் தொம்மென்று ஏதோ விழுந்தது.

பேயாக இருந்தால்கூடப் பரவாயில்லை. மாஸ்டரிடம் கோள் சொல்கிற ஆளாக இருந்தால் ரக்ஷிதாவின் ஸ்டேட் மீட் போச்சு.

மூன்றாவது வாரம். மங்கின வேளை.

"கரெண்ட் ஹோய்த்து!" என்று பிள்ளைகள் கன்னடத்தில் கூவின. மல்லேஸ்வரம் ஏரியா மொத்தமும் இருண்டது. ரக்ஷிதா யாரையோ தொட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

வீணா சுவரைப் பார்த்தாள்.

தடங்கள் அல்ல. விரல்களே. எட்டு வெள்ளை விரல்கள், ரக்ஷிதா ஓடுகிற பக்கமெல்லாம் சுவர்மேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன.

பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு ஹாலுக்கு ஓடினாள். ஹால் வாசலில் பூட்டு தொங்கவில்லை. உள்ளே யாருமில்லை. கூரையிலிருந்து தொங்கும் வளையங்கள் மட்டும் தாமாக ஆடிக்கொண்டிருந்தன. பின்கதவுக்கு வெளியே பேச்சுக் குரல்.

தாண்டுகிற மரக்குதிரையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் நுனிக்காலில், பவுடர் அப்பிய விரல்களால் சுவர் உச்சியைப் பிடித்தபடி நின்றிருந்தார் முனிகிருஷ்ணன் மாஸ்டர். கீழே அதைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேன் நாராயணசாமி.

"கேட்டியா சாமி? சிரிக்குது!"

"பேயாட்டம் தொங்கறீங்களே சார். போய் ஆடுன்னு நீங்களே சொல்லிடலாமில்ல?"

"நான் சொன்னா அதையும் பிராக்டீஸ்னு நெனச்சு மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு ஆடும். முன்னாடி ஒருத்திய அப்படித்தான் சிரிக்க விடாம ஆட வெச்சு, காலை ஒடிச்சு அனுப்பினேன். போதும்."

கோ-கோ நடக்கிற இடம், கிழமை, நேரம் எல்லாம் தனக்கு யார் சொன்னது என்று அப்போதுதான் உறைத்தது வீணாவுக்கு.

"அந்த அக்காகாரி உங்கள கரிச்சுக் கொட்டுது சார்."

"கொட்டட்டும். நாளைக்கு இன்னும் ரெண்டு திட்டு சேத்துத் திட்டறேன். சரின்னு நான் ஒரு வார்த்தை சொல்லிட்டா, அது சண்டைக்கு வேற ஆளைத் தேடிப் போயிடும். அப்புறம் இந்தக் குழந்தைய யாருய்யா கிரவுண்டுக்குக் கூட்டிட்டு வருவா?"