பதினெட்டு மணி நேரம்

"பதினெட்டு மணி நேரம்னா பத்து மணிக்குத்தானே நம்ம பொண்ணு அங்க இறங்குவா? அதுக்குள்ள ஏன் போனையே முறைச்சுப் பார்க்கறீங்க?" துணி மடித்துக்கொண்டே கேட்டாள் மனைவி.

"சும்மாதான்" என்றார் டைம்கீப்பர்.

பேருந்து நிலையத்தில் முப்பது வருடம் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே கற்ற வித்தை ஒன்றே ஒன்றுதான். ஆறு மணிக்கு வந்து சேரும் பஸ்ஸை, காத்திருப்பவர்களிடம் ஆறரை என்று சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அதே வித்தையை வீட்டிலும் காட்டியிருந்தார். மகள் வேலை பார்க்கும் ஊர் பதிமூன்றாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நேராகப் பறந்தால் பதினைந்து மணி நேரம். மனைவியிடம் மட்டும் பதினெட்டு. மகள் விஷயத்தில் பத்து நிமிடம் தாமதமானாலும் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஒவ்வொரு தடவையும் விமானம் மூன்று மணி நேரம் 'முன்னதாகவே' இறங்கிவிட, "தங்கமான பைலட்" என்று வாழ்த்துவாள். இவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார்.

இன்று சிரிப்பு வரவில்லை. ஏழு மணிக்கே இறங்கியிருக்க வேண்டும். இப்போது மணி எட்டே முக்கால். போனில் 'தாமதம்' என்ற ஒற்றை வார்த்தைதான் நின்றது. அப்பாவுக்கு இதய ஆபரேஷன் என்றதும் ஓடி வந்து, மூன்று மாதம் இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்டு, இப்போதுதான் வேலைக்குத் திரும்பிப் போகிற பெண். அவளுக்கு ஒன்று என்றால்?

நல்ல வேளை, மனைவிக்கு எதுவும் தெரியாது. மடித்த துண்டையே உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அதை மூணு தடவை மடிச்சிட்ட. வயசாயிடுச்சு உனக்கு."

"நீங்க மட்டும் இளவட்டமாக்கும்" என்றாள்.

ஒன்பது மணிக்கு போன் அடித்தது. பனிமூட்டமாம். பக்கத்து ஊரில் இறக்கி, காத்திருக்க வைத்து, மறுபடி கொண்டுபோய் விட்டார்களாம். மகளின் குரலைக் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை மனைவியிடம் நீட்டினார்.

"பாத்தியா, ஒரு மணி நேரம் முன்னாடியே இறங்கிட்டா."

"தங்கமான பைலட்" என்றபடி அவள் போனோடு அடுப்படிக்குப் போனாள்.

தண்ணீர் குடிக்கப் பின்னாலேயே போனவர் வாசலோடு நின்றுவிட்டார். அவள் தரையில் உட்கார்ந்து, அந்தத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு போனில் மகளிடம் சொன்னாள்:

"ஏழு மணியிலேர்ந்து எனக்கு உயிரே இல்லடி. பதினஞ்சு மணி நேரம்தான்னு முதல் தடவையே தெரியும். நான் பயந்துட்டா உங்கப்பா நெஞ்சு தாங்குமா? அதான் இன்னிக்கும் நம்பற மாதிரியே இருந்துட்டேன்."

நன்றி சொல்ல வேண்டிய ஆள் யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் காட்டாமல் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "அடுத்த தடவை இருபது மணி நேரம் ஆகுமாம்."