சாயாத பாயசக் கரண்டி

மகளின் கல்யாணப் பந்தியைச் செண்பகவல்லி சுற்றி வந்தாள். சம்பந்தி சங்கரலிங்கத்தின் இலைக்கு மேலே தானாகப் பரிமாறும் பாயசக் கரண்டி சாயாமல் விறைத்து நின்றது. சாப்பிடுகிறவருக்கு ரத்தச் சர்க்கரை ஏறி மணிக்கட்டுப் பட்டையில் சிவப்பு எரிந்தால், எந்த மண்டபத்துக் கரண்டியும் இனிப்பை ஊற்றாது.

“மாப்பிள்ளையோட அப்பனுக்கே பாயசம் கிடையாதோ, மதினி?”

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். சம்பந்தி இலையை விட்டு எழுந்தால் சண்டைதான். மாப்பிள்ளை வீட்டார் வாசலைப் பார்த்தார்கள்.

செண்பகவல்லி தவில்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவருக்கு எதிரே போய் நின்றாள்.

“எந்திரிச்சது எந்திரிச்சாச்சு, அண்ணாச்சி. சர்க்கரையை ஆடித்தான் இறக்கணும். நானும் வாரேன்.”

தவில் அதிர்ந்தது. சங்கரலிங்கம் முறைத்தார். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. அப்புறம் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி ஆடினார் பாருங்கள், ஒரு ஆட்டம்!

வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தபோது பட்டை பச்சையாகியிருந்தது. கரண்டி தானாகச் சாய்ந்தது. அவர் இலையை வழித்து நக்கினார்.

“இன்னொரு கரண்டி, மதினி?”

“அதுக்கு இன்னொரு ஆட்டம், அண்ணாச்சி.”

இந்த முறை பந்தியே இலையை விட்டு எழுந்தது. ஒருவர்கூட வாசல் பக்கம் போகவில்லை.