பத்தொன்பதாம் நாள் விளக்கு

விளக்கை விட்டுவிட்டு வள்ளத்தில் ஏறமாட்டேன் என்று சிவக்கொழுந்து ஒரே பிடியாக நின்றாள்.

வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். மகாவலி பெருகி, கட்டைபறிச்சான் வயலெல்லாம் கடலாகிக் கிடந்தது. மூதூர்க் கரையிலிருந்து உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்து இறக்கிய மீன்பிடி வள்ளம் ஒன்று வாசலில் மிதந்தது. அதில் ஜவாஹிர் நானா.

அவளுடைய மனுசன் கதிரவேல் கண்மூடிப் பத்தொன்பது நாள். படத்துக்கு முன்னால் ஏற்றிய விளக்கு முப்பத்தொரு நாளைக்கு அணையக் கூடாது.

"அணைஞ்சால் அவர் வழி தெரியாமல் தடுமாறுவார், நானா."

"ஆர், கதிரவேலோ? அமாவாசையில கொட்டியாரக் குடாவைக் கடந்த மனிசன். உங்களை விட்டிட்டுப் போனால் என்ர கனவில வந்து ஏசுவான். விளக்கையும் கொண்டு ஏறுங்கோ, தங்கச்சி."

பாலங்கள் வராத காலத்தில் மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் குடாவைக் கடக்க லோஞ்சுப் படகுதான். அதில் கதிரவேல் சுக்கான் பிடிப்பார், ஜவாஹிர் எஞ்சின் பார்ப்பார். கலியாணம் முடித்த புதுசில் அவளும் அதில் போனாள். நடுக்குடாவில் தலை சுற்றியபோது, எலுமிச்சை மணக்கும் தேசி இலையைக் கசக்கி மூக்கடியில் பிடித்தபடி, "அந்தா, துறைமுகம் தெரியுது பார்" என்றார் கதிரவேல். தெரியவில்லை. தெரிகிறது என்று தலையாட்டினாள்.

விளக்கைச் சோற்றுப் பானைக்குள் இறக்கி, மூடியைப் பாதி சாய்த்து, ஜவாஹிரின் காலடியில் வைத்தார்கள். படத்தை மடியில் கவிழ்த்துக்கொண்டு அவள் முன்னால் அமர்ந்தாள். வேலிக்கம்பி மாட்டும் என்று எஞ்சினை நிறுத்தி, ஜவாஹிர் கம்பு ஊன்றித் தள்ளினார்.

கோயில் வளைவு தாண்டியதும் காற்று சாய்த்து அடித்தது.

திரி கருகிய மணம்.

சிவக்கொழுந்து திரும்பவில்லை.

கம்பு நின்றது. வள்ளம் தன்பாட்டில் பக்கவாட்டில் ஒதுங்கியது. லைட்டர் தட்டும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு கம்பு மறுபடி சேற்றில் ஊன்றியது.

"அப்பிடியே எரியுது, தங்கச்சி." அவள் கேட்காமலே சொன்னார்.

"ஓம், நானா."

விடியப்புறம் தண்ணீர் அறைக்குள் புகுந்தபோது விளக்கு ஒரு தடவை அணைந்தது. கூரை ஒழுகியபோது இன்னொரு தடவை. இது மூன்றாவது.

முதல் இரண்டு தடவையும், கதிரவேலின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, அவளேதான் ஏற்றினாள்.