ஒத்தை வண்டிப் பாலம்

கூவத்துக் கல்பாலத்தை இடிக்க வந்த அதிகாரிகளையெல்லாம் பாஸ்கல் மடக்கி மடக்கிப் பாடம் எடுத்தார். கருங்கல் வளைவு, சுண்ணாம்புக் காரை, ஆள் ஒதுங்கி நிற்க நட்டநடுவில் கல்மேடை என்று ஒன்று விடவில்லை. சாயங்காலமானால் அந்த மேடையில்தான் குடியிருப்பார். அவரைக் கல்லைக் காதலிக்கிற கிழவர் என்று திருவேற்காடு முழுக்கச் சொல்லிச் சிரிக்காவிட்டால், பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாவுக்குச் சோறு இறங்காது.

கடைசியில் பாலம் பிழைத்தது. சேதியை முதலில் கொண்டுவந்த பெருமையும் பொன்னியம்மாவுக்குத்தான்.

"அண்ணாத்தே, கெலிச்சுட்டே! புராதனச் சின்னமாம். இனிமே ஒரு வண்டியும் அதும்மேல ஏறக்கூடாதாம். எல்லாம் பக்கத்துல கட்டப்போற புதுப்பாலத்துலதான்."

பாஸ்கலின் முகம் சுண்டிப்போனது. "வண்டியே வுட மாட்டாங்களா?"

"உன்கிட்ட சைக்கிள்கூட இல்ல. உனக்கு இன்னாத்துக்கு வண்டி?"

"என் பொண்ணு ஸ்டெஃபி வேலை முடிஞ்சு தெனமும் அதுலதான் ஸ்கூட்டில போவுது, பொன்னியம்மா. ஓடிப்போய்க் கட்டிக்கினதுலேர்ந்து எங்கிட்ட பேச்சில்ல. பாலம் ஒடுக்கமாச்சே... எதிர்ல லாரி வந்தா, அது தாண்டுற வரைக்கும் மேடையோரமா என் பக்கத்துல நின்னுதானே ஆவணும்?"