ஹெலிகாப்டர் மாப்பிள்ளை

மாப்பிள்ளை விமானப்படையில் ஹெலிகாப்டர் பைலட் என்று தரகர் சொன்னதிலிருந்து சித்ராதேவிக்கு ஆர்வம் தாங்கவில்லை. நல்லூர் பனியன் கம்பெனியில் அவள் பேக்கிங் சூப்பர்வைசர். பெண் பார்க்க வந்த குணாவிடம் தனியாகப் பேச விட்டதுமே கேட்கத் தொடங்கினாள்.

"சண்டை போடற ஹெலிகாப்டருங்களா?"

"ஆமாங்க. ரஷ்யாவுல செஞ்சது. அந்த ஊர்க்காரங்க அதை முதலைன்னு கூப்பிடுவாங்களாம்."

"மேல எத்தனை இறக்கைங்க?"

"அஞ்சுங்க. வால்ல மூணு. வால்ல இருக்கறது நின்னுட்டா மொத்த வண்டியும் பம்பரமாச் சுத்திருமுங்க."

"ஏதாச்சும் பழுதாயிட்டா?"

"ஸ்பேர் ரஷ்யாவுல இருந்து வரோணுமுங்க. சிலதுக்கு ஆறு மாசம்கூட ஆகும்."

ஒவ்வொரு பாகத்தின் நம்பரையும் அவன் மனப்பாடமாகச் சொன்னான். அவள் வாயைப் பிளந்து கேட்டாள்.

"மேல இருந்து பார்த்தா ஊரு எப்படிங்க தெரியும்?"

குணா தலைகுனிந்தான்.

"தெரியாதுங்க. நான் ஒரு தடவைகூட அதுல பறந்ததில்லீங்க. எனக்கு ஸ்பேர் ஸ்டோர்ல வேலை. பைலட்டுன்னு தரகர் சொல்லியிருக்கறதே இங்க வந்தப்பறந்தான் தெரிஞ்சுதுங்க. உங்ககிட்டச் சொல்லாம எந்திரிக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

சித்ராதேவி சிரித்துவிட்டாள்.

"நானும் எட்டு வருசமா ஜெர்மனிக்குப் பொட்டி கட்டறேனுங்க. இன்னும் கப்பலைக் கண்ணால பார்த்ததில்லை."

உள்ளே போய் அப்பாவிடம் சொன்னாள்.

"மாப்பிள்ளை பைலட் இல்லீங்கப்பா. எனக்குச் சம்மதமுங்க."