மேல்கட்டில்

மேல்கட்டிலில் படுத்திருக்கும் புண்ணியவதி மறுபடியும் குறட்டையைத் தொடங்கிவிட்டாள்.

குறட்டை மட்டும் என்றால் தொலையட்டும் என்று விடலாம். கூடவே ஒரு தட்டல். டொக், டொக், டொக். கட்டில் பலகையில் யாரோ விரலால் தட்டுகிற சத்தம். தூங்குகிறவள் எதற்குத் தாளம் போடுகிறாள்?

கீழ்க்கட்டிலில் கிடந்தவள் தலையணையைத் தூக்கிக் காதின்மேல் அமுக்கிக்கொண்டாள். நாலு மாதக் குழந்தைக்குத் தாய். தூங்குவதற்காக, அதற்கு மட்டுமே, பட்டப்பகலில் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இந்த விடுதிக்கு வந்திருந்தாள். சாயங்காலம் வரை கட்டில் அவளுடையது.

புருஷன்தான் போனிலேயே இடம் பிடித்துக் கொடுத்தான்.

விடுதியைக் குறை சொல்ல முடியாது. முதுகில் பை மாட்டிய இளசுகள் வந்து தங்குகிற இடம். நுழைந்ததும் ஊஞ்சல், சுவரில் தொங்கும் பழைய சைக்கிள், குழாய்களுக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட். 'இங்கே அந்நியர் யாரும் இல்லை' என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே ஓர் அட்டை: இந்த வாரம் ஒரு கட்டில் எடுத்தால் இன்னொன்று இலவசம்.

தூங்குவதற்குத் துணைக்கு ஆளா கூட்டிக்கொண்டு வருவார்கள் என்று நினைத்துக்கொண்டே அவள் பெண்கள் அறைக்கு வந்தாள். மேல்கட்டில் அப்போது காலியாகத்தான் இருந்தது. திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். படுத்ததும் கட்டை மாதிரி கிடப்போம் என்றுதான் நம்பினாள்.

எங்கே!

வெளியே பேருந்துகள் ஹாரனிலேயே சண்டை போட்டன. செல்போன் உறை விற்கிறவன் ஒலிபெருக்கியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மார்பு கனத்துப்போய் வலித்தது. பீய்ச்சி வைத்துவிட்டு வந்த பால் போதுமா? சூடு பார்த்துக் கொடுப்பார்களா? அழுதால் உடனே தூக்குவார்களா?

போன் மினுங்கியது. புருஷன்தான். 'பாப்பா அம்மா மடியில தூங்குது. நீயும் தூங்கு.'

மாமியார் மடி என்றால் கவலையில்லை. நாலு பிள்ளை வளர்த்த மடி. அவரிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகப் புளுகிவிட்டு வந்திருந்தாள். தூங்கப் போகிறேன் என்று எந்த மருமகள் மாமியாரிடம் சொல்வாள்? ஏன் என்று கேட்டுவிட்டால்?

முந்தாநாள் பால் கொடுத்தபடியே உட்கார்ந்த இடத்தில் கண்ணசந்துவிட்டாள். குழந்தை மடியிலிருந்து நழுவி மெத்தையில் உருண்டது. ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் உருண்டிருந்தால் தரை.

புருஷனிடம் அழுது தீர்த்துவிட்டு, உங்கள் அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். இன்று தூங்கியே ஆக வேண்டும். இதே கண்ணோடு திரும்பிப் போய்க் குழந்தையை மடியில் வாங்க அவளுக்குப் பயமாக இருந்தது.

டொக், டொக், டொக்.

போதும் சாமி. இதற்கு வீடே தேவலாம். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். மேலே இருப்பவளை நறுக்கென்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போவது.

மேல்கட்டில் திரைக்கு வெளியே ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது.

தூக்கத்திலேயே அந்தக் கை பலகையைத் தட்டிக்கொண்டிருந்தது. பையப் பைய, முதுகில் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி. முழங்கைக்கு அடியில் ஒரு சின்னத் துண்டு சிக்கியிருந்தது. ஓரத்தில் வாத்துப் படம். பாப்பா பால் கக்கினால் துடைக்கிற துண்டு. காலையில் அவள்தான் அதைத் துவைத்துக் காயப்போட்டாள்.

மாமியாருக்குக் குறட்டை உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. நாலு மாதமாக வீட்டில் அது கேட்கவேயில்லை.

சட்டென்று திரையை இழுத்தாள். மாமியார் திடுக்கிட்டுக் கண்விழித்தார்.

"பாப்பா எங்க?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் கேட்டார்கள்.

மாமியார் தலையணைக்கு அடியில் துழாவிப் போனை எடுத்து நீட்டினார். மகன் அனுப்பிய செய்தி. 'அவ வந்துட்டாம்மா. பாப்பா அவ மடியில தூங்குது. நீ நிம்மதியா தூங்கு.'

அவள் தன் போனைக் காட்டினாள். மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் படித்தார். அட திருட்டுப் பயலே என்று முணுமுணுத்தார். பிறகு முகம் மாறியது. பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நேத்து குளிப்பாட்டும்போது எனக்குக் கை அசந்துடுச்சும்மா. பாப்பா நழுவப் பார்த்துச்சு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கினேன்."

எனக்கும்தான் அத்தை என்று சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். உடனே ஓட வேண்டும். மாமியார் குனிந்து அவள் பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம ரெண்டு பேர் மடியிலயும் இல்லேன்னா அவன் மடியிலதான் இருக்கும். போய்ப் படு."

அவள் படுத்தாள். செல்போன் உறைக்காரன் இன்னும் கத்திக்கொண்டுதான் இருந்தான். மேலே மாமியார் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

குறட்டைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

டொக், டொக், டொக்.

இந்த முறை மாமியார் விழித்துக்கொண்டுதான் தட்டினார்.