கழுத்துப் பட்டை

வீட்டுக்குள் நுழைந்ததுமே நிரோஷா மகனுடைய பாலைத் தொட்டியில் கொட்டினாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் பால்பவுடர் அது. அதில் விஷம் கலந்திருப்பதை இன்றைக்குத்தான் ஆய்வுக்கூடத்தில் கண்டாள். உடனே கீழ்வீட்டு பர்வீனின் கைக்குழந்தை நினைவுக்கு வந்தது. செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

பர்வீன் கதவைத் திறந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் அப்போதுதான் கலக்கிய பால்புட்டி.

"என்னக்கா, இப்படி மூச்சு வாங்குது?"

நிரோஷா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஆபீஸ் தகவல் எதுவும் வெளியே கசியக்கூடாதென்று ஊழியர்களின் கழுத்தில் கம்பெனி பூட்டியிருக்கும் பட்டை, குரலை அங்கேயே நிறுத்திவிட்டது. புட்டியையாவது தட்டிவிடலாமென்று கையை நீட்டினாள். சொல்லத் துணியும் கையையும் பட்டை விடாது. பாதி வழியில் மரத்துப்போய், எதையோ கேட்டு ஏந்தியதுபோல் நின்றது கை.

"அட, பவுடர் தீந்துபோச்சா? இதைக் கேக்கவா இவ்ளோ தயங்குறீங்க?" சிரித்துக்கொண்டே உள்ளே போன பர்வீன், பிரிக்காத டின் ஒன்றைக் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தாள். "எடுத்துக்குங்க. நல்ல பவுடர், நம்பி வாங்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னாள்தான். அன்றைக்குப் பட்டை ஒரு சொல்லையும் தடுக்கவில்லை.